கொடியைக் கண்டால் நிற்காத கை

கீரமங்கலம் பூக்கடை அடைக்கலமேரியின் புருஷன் பிராங்க்ளினுக்கு இப்போது முப்பத்தாறு வயது. அதில் பதினோரு வருஷத்தை அவன் மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஓடியே கழித்தான். ஓடி என்றால் சொந்தக் காலால். வண்டிமேல் உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்கிறவர் சாரதி, அவர் பெயர் ராக்கன். பக்கத்திலேயே ஓடி, தாவி ஏறி, குதித்து இறங்கி, மாடுகளை முடுக்குகிறவன் துணைச் சாரதி, அவன்தான் பிராங்க்ளின்.

போய்வர எட்டு மைல் பந்தயம் என்றால் நாலாவது மைலில் ஒருவர் கொடியோடு நிற்பார். அங்கே முதலில் போய்த் திரும்புகிற வண்டியின் துணைச் சாரதி குதித்து அந்தக் கொடியைப் பறித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தனிப் பரிசு. பிராங்க்ளின் இதில் சூரன். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பந்தயத்தில் அவன் பறித்த வேகத்துக்குக் கொடியோடு கொடிக்காரரின் கைக்கடிகாரமும் கூடவே வந்துவிட்டது. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தான். கொடியைக் கொடுக்கவில்லை.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. பந்தயம் முடிந்ததும் மைக்கில் வண்டியின் சொந்தக்காரர் பெயரைச் சொல்வார்கள். சாரதி பெயரைச் சொல்வார்கள். மாட்டுக்கும் பெயர் உண்டு, அதையும் நீட்டி முழக்கிச் சொல்வார்கள். துணைச் சாரதியின் பெயரை மட்டும் எவரும் சொன்னதில்லை.

"ஒரே ஒரு தடவை மைக்குல 'மொதப் பரிசு பிராங்க்ளின்'னு சொல்லிட்டாப் போதும் மேரி. அதுக்கப்புறம் நான் செத்தாலும் சரிதான்" என்றான் மனைவியிடம்.

"கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். அதை முடிச்சுட்டுச் சாவுங்க" என்றாள் அடைக்கலமேரி.

வயிற்றுப்பாட்டுக்கு அவன் கீரமங்கலத்திலிருந்து காரைக்குடிக்கு மல்லிகை ஏற்றிப் போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மொட்டு வழியில் விரிந்துவிட்டால் விலை போச்சு. அதனால் அவன் வேன் போகும் வேகத்தில் மொட்டு விரியவே பயப்படும். ஒருநாள் காலை திருமயத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக் கார் ஒன்றை அந்த வேன் மூன்று தடவை முந்தியது. ஒரே காரை எப்படி மூன்று தடவை முந்துவது என்று கேட்பீர்கள். நடுவில் இரண்டு தடவை டீ குடிக்க நின்றிருந்தான்.

காரில் இருந்தவர் தேனப்பச் செட்டியார். அந்தப் பக்கத்து ஊர்தான். தொழில் சென்னையில், பைத்தியம் கார் பந்தயத்தில். தைலமரக் காட்டுக்கு நடுவே தன் செலவில் வளைவும் நெளிவுமாக மூன்றரைக் கிலோமீட்டருக்குத் தார் ஊற்றிப் பந்தயத் தடம் போட்டவர். பூர்வீக வீட்டின் கல்யாணக் கூடத்தில் பந்தயக் கார் நிற்கும். பர்மா தேக்குத் தூண்களைச் சுற்றி டயர்கள் அடுக்கியிருக்கும். மூன்றாவது முந்தலுக்குப் பிறகு அவர் வேனை மறித்து நிறுத்தினார்.

"தம்பி, எங்க காரை ஓட்ட வாரியா?"

"எங்கிட்டுங்கய்யா போகணும்?"

"எங்கிட்டும் போக வேண்டாம். சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வரணும்."

"பொறப்பட்ட எடத்துக்கு வாரதுக்கு எதுக்குங்கய்யா இம்புட்டு அவசரம்?"

தேனப்பன் யோசித்தார். இருபது வருஷமாக அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில், "மொதல்ல வாரவன் பேரை மைக்குல சொல்லுவாங்க" என்றார்.

பிராங்க்ளின் வேறு எதுவும் கேட்கவில்லை.

அவனைப் பழக்கியவள் தேனப்பனின் மகள் சுபா. இன்ஜினியரிங் படித்தவள், அந்த அணிக்கு மேனேஜர். வளைவில் எப்படி நுழைவது, டயரை எப்படிக் காப்பது என்று ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தாள். கொடிகளையும் சொன்னாள். மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வருகிறவருக்கு வழி. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது காட்டினால் பந்தயம் முடிந்தது. பிராங்க்ளின் எல்லாவற்றையும் ஒப்பித்தான். கொடியைப் பறிக்கக் கூடாது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சோறு பரிமாறுகிறவர் இலையைத் தின்னாதே என்று சொல்லிவிட்டா பரிமாறுவார்?

முதல் பந்தயம். ஆறாவது சுற்றில் ஒரு கார் வழுக்கித் தைலமரத்தில் போய்ச் சாய்ந்தது. வளைவில் நின்ற வசந்தகுமார் உடனே மஞ்சள் கொடியை ஆட்டினார். வாரநாளில் புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் சம்பளம் வாங்காமல் கொடி காட்டும் வேலை. அப்படிப்பட்ட மனுஷர். முன்னணியில் வந்த பிராங்க்ளின் கண்ணில் வளைவு பட்டது, கொடி பட்டது. பதினோரு வருஷப் பழக்கம். பிரேக்கை மிதித்தான், இருக்கை வாரைக் கழற்றினான், குதித்தான், கொடியைப் பற்றினான். வசந்தகுமார் விடவில்லை. பின்னால் கார்கள் வரும் சத்தம் கேட்டது. வாதாட நேரமில்லை என்று கொடியையும் கொடிக்காரரையும் சேர்த்தே உள்ளே தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பந்தயக் காரில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இருக்கை. வசந்தகுமார் உள்ளே இருந்த இரும்புக் கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

"கொடியை விடுங்க சார்!"

"விட மாட்டேன்! இது பந்தயக் கழகத்துச் சொத்து!"

"அப்பக் குனிஞ்சாவது ஒக்காருங்க, கண்ணாடிய மறைக்குதுல்ல!"

அப்படியே இரண்டு பேருமாக மிச்சமிருந்த பதினான்கு சுற்றையும் முடித்து முதலில் வந்தார்கள். கொடி கடைசியில் பிராங்க்ளின் கையில்தான் மிஞ்சியது. மைக்கைத் தட்டிப் பெயர் சொல்லும் நேரத்தில் ஆட்சேபணை வந்துவிட்டது. தடத்தில் நின்றது, கொடியைப் பறித்தது, ஆள் ஏற்றியது என்று மூன்று குற்றம். வெற்றி ரத்து.

"ரெண்டு பேரு போறது மொறைதானுங்களே? நாங்க அப்படித்தானே காலங்காலமாப் போறோம்?" என்றான் பிராங்க்ளின். நடுவர்களுக்கு அதை எந்த விதியில் சேர்ப்பது என்றே தெரியவில்லை.

இரண்டாவது பந்தயத்துக்கு முன்னால், "அண்ணே, கொடியைத் தொடவே கூடாது" என்று சுபா சத்தியமே வாங்கிக்கொண்டாள். அவன் மனதாரத்தான் செய்து கொடுத்தான். சத்தியம் செய்தது வாய். கைக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. முன்னால் ஊர்ந்த கார் ஒன்றுக்கு யாரோ நீலக் கொடி காட்ட, பிராங்க்ளின் ஜன்னல் வலையை விலக்கிப் போகிற போக்கிலேயே அதை உருவிக்கொண்டான். முதலில் வந்தான். ரத்து. மூன்றாவது பந்தயத்தில் அவனையே வெளியேறச் சொல்லிக் கறுப்புக் கொடி காட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டு, நல்லதாயிற்று என்று போய்க்கொண்டே இருந்தான்.

மாநில மோட்டார் பந்தயக் கழகத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். தேனப்பன் வீட்டில் விசாரணை என்றாலும் பந்திதான். கந்தரப்பமும் பால்பணியாரமும் முடிந்த பிறகு, பறித்த கொடிகளைச் சாட்சிப் பொருளாகக் கொண்டுவரச் சொன்னார்கள். அடைக்கலமேரி ஒரு பையோடு வந்தாள்.

"மஞ்சத்துணி மட்டுந்தாங்க இருக்கு. நனைச்சு மல்லிகை மேல போடுறேன், கொஞ்சம் வாசம் அடிக்கும்" என்றாள்.

"நீலம் எங்கம்மா?"

"சின்னவளுக்கு உள்பாவாடை தச்சுட்டேன். அவ பள்ளிக்கூடம் போயிருக்கா. சாயங்காலம் வருவா, ஆனா அதைக் காட்டச் சொல்லக் கூடாது."

"கறுப்பு?"

"கொடைக்குத் தச்சாச்சு. மழை பெஞ்சா பாருங்க, ஒரு சொட்டு எறங்காது."

பிறகு எழுத்தில் தீர்ப்பு வந்தது. இன்னும் ஒரே ஒரு பந்தயம். அதில் அவன் கை ஒரு கொடியில் பட்டாலும் பந்தய உரிமம் ஆயுளுக்கும் ரத்து. அப்புறம் மைக்காவது பெயராவது.

"அப்பச்சி, அவர் மேல தப்பில்ல. கை மேலதான் தப்பு. கையைக் கட்டிறலாம்" என்றாள் சுபா தகப்பனாரிடம். கையுறைகளை ஸ்டியரிங்கோடு சேர்த்துத் தைத்துவிடுவது என்று முடிவாயிற்று. கியரும் அந்த ஸ்டியரிங்கிலேயே இருந்ததால் தோதாகப் போயிற்று. தைத்தவள் அடைக்கலமேரி. பூக்கட்டுகிற வாழைநாரை முறுக்கி முறுக்கி, மணிக்கட்டில் ஏழு முடிச்சுப் போட்டாள்.

"இறுக்குதா?"

"இறுக்குது."

"இறுக்கட்டும்."

அந்தப் பந்தயத்தை ஓட்டினான் பாருங்கள், தைலமர இலையெல்லாம் அவன் போன பக்கமே திரும்பிக்கொண்டது. வழியில் மஞ்சள் வந்தது, நீலம் வந்தது. ஒவ்வொரு தடவையும் தோள் துடித்தது, கை நகரவில்லை. இருபது சுற்றும் முடியப் போகிறது. எல்லைக் கோட்டில் கட்டம் போட்ட கொடியோடு நின்றவர் வசந்தகுமார். கையுறையைத் தைத்ததை வெளியே யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நேராகத் தன்னை நோக்கி வரும் பிராங்க்ளினைக் கண்டதும் வசந்தகுமாருக்கு அந்தப் பதினான்கு சுற்றும் ஞாபகம் வந்தது. கொடியைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தைலமரக் காட்டுக்குள் ஓடிப்போனார்.

கொடி காட்டாமல் பந்தயம் எப்படி முடியும்? பிராங்க்ளின் நிற்கவில்லை. அவன் நிற்காததால் பின்னால் வந்தவர்களும் நிற்கவில்லை.

"அண்ணே, முடிஞ்சிருச்சு, நிறுத்துங்க!" என்று சுபா வயர்லெஸ்ஸில் கத்தினாள்.

"கொடி எங்க தங்கச்சி? கட்டம் போட்டதைக் காட்டுனாத்தான் முடிவுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து. ஒவ்வொரு காராகப் பெட்ரோல் தீர்ந்து ஓரம் கட்டியது. நாற்பத்தோராவது சுற்றில் பிராங்க்ளினின் கார் கடைக்கோடி வளைவில் இருமி நின்றது.

இதற்குள் நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டார்கள். கொடி காட்டத் தவறினால், குறித்த சுற்று முடியும்போது யார் முன்னால் இருந்தாரோ அவரே முதல். மைக்கில் அறிவிப்பாளர் உதயசூரியன் முழங்கினார்: "முதல் பரிசு, கீரமங்கலம் பிராங்க்ளின்!"

கூட்டம் கைதட்டியது. அவன் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அங்கிட்டு, தலையில் கவசத்தோடு, ஸ்டியரிங்கில் தைக்கப்பட்டு உட்கார்ந்திருந்தான்.

அடைக்கலமேரி மேடைக்கு வந்தாள். "அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க."

"முடிவை ஒருக்காத்தாம்மா சொல்றது."

"யாருக்குச் சொன்னீங்க?"

"எல்லாத்துக்குந்தான்."

"அவருக்கு?"

கேட்ட கையோடு அவள் ஆம்ப்ளிபயர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் வரும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

சுபா கத்தரிக்கோலோடு பைக்கில் போனாள். வாழைநார் முடிச்சு கத்தரிக்கோலைத்தான் வளைத்தது. கடைசியில் பந்தயக் கார்களில் ஸ்டியரிங்கைத் தனியாகக் கழற்றும் வசதி இருப்பது ஞாபகம் வந்தது. அப்படித்தான் பிராங்க்ளின் வந்து சேர்ந்தான், பைக்கின் பின்சீட்டில், இரண்டு கையிலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. வளைவு வந்தபோதெல்லாம் அதைத் திருப்பிக்கொண்டே வந்தான்.

"முதல் பரிசு, கீரமங்கலம் பிராங்க்ளின்!" என்றார் உதயசூரியன்.

"என்ன சொல்றாரு? ஒண்ணும் கேக்கலையே" என்றான் கவசத்துக்குள்ளிருந்து.

அடைக்கலமேரி எழுந்து போய்க் கவசத்தைக் கழற்றி, முந்தானையால் அவன் காதைத் துடைத்துவிட்டாள். "இப்பச் சொல்லுங்கண்ணே."

உதயசூரியன் மூன்றாம் முறையாகச் சொன்னார். பிராங்க்ளின் அதை வேறு யாருடைய பெயரோ போலக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பி, "நாந்தான் மேரி" என்றான்.

ஒரே முடிவை மூன்று தடவை அறிவித்தது செல்லாது என்று இரண்டாவதாக வந்தவர் இப்போது புகார் கொடுத்திருக்கிறார். கழகம் விளக்கம் கேட்டு எழுதியது. பிராங்க்ளின் பதில் அனுப்பிவிட்டான்: "முதல் தடவை நான் அங்கே இல்லை. இரண்டாம் தடவை தலையில் கவசம். ஆகவே ஒரு தடவைதான் சொன்னார்கள் என்று கொள்ளவும். இப்படிக்கு, முதல் பரிசு பிராங்க்ளின்."