வலது கால் மெட்டி

எனக்கு வந்த வலி குதிகாலில் இல்லை. குதிகால் என்றால் ஊரில் எல்லாருமே வைத்தியர்கள்தான், செங்கல்லைச் சுட்டு எருக்கிலை போட்டு மிதி என்பார்கள். என் வலி முன்பாதத்தில், வலது காலின் இரண்டாம் விரலுக்கு அடியில். கூழாங்கல்லை மிதித்துக்கொண்டே நடக்கிற மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. கல்யாணமாகிச் சீவலப்பேரிக்கு வந்து நாலாவது வருஷம், தண்ணீர்க் குடத்தோடு படித்துறை ஏறும்போது ஒருநாள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் அதைக் கால் ஆணி என்று முடிவு கட்டினாள். நாவிதர் வீட்டு அம்மாள் கத்தியோடு வந்து தடித்த தோலைச் சீவிவிட்டுப் போவாள். கொஞ்ச நாள் சுகமாக இருக்கும். பிறகு தோல் முன்னைவிடத் தடிக்கும், வலியும் கூடவே வந்துவிடும்.

"வேல செய்யணும்னா மட்டும் நொண்டுதா பாரு" என்பாள் மாமியார், என் காதில் விழும்படியாகவே.

என் வீட்டுக்காரர் அப்படியெல்லாம் பேசமாட்டார். நல்ல மனுஷர் என்று நம்பியிருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திருநெல்வேலிக்குச் சாமி கும்பிடப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வண்டி கட்டிப் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனார்.

அங்கே டாக்டர் ஒரு துரைசானி. வேதப் புத்தகத்துத் தமிழ் பேசினாள். "அம்மா, நீர் நடந்து காட்டும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதத்தைத் தண்ணீரில் நனைக்கச் சொல்லி, கல்தளத்தில் நடக்கவிட்டு, ஈரத் தடத்தை உட்கார்ந்து பார்த்தாள். இடது காலில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. வலது காலில் இரண்டாம் விரல் தரையைத் தொடவே இல்லை. பிறகு என் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரி மடியில் என் கால்! ஒவ்வொரு எலும்பாகக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வந்தாள். பாதத்தை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து நெரித்தாள், பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் விரல் புறப்படுகிற மூட்டில் கை வைத்ததும் அலறிவிட்டேன்.

"இது ஆணி அல்ல" என்றாள். மூட்டு வீங்கியிருக்கிறது. பாரம் முழுவதும் ஓரிடத்தில் இறங்குவதால் தோல் தானாகத் தடிக்கிறது, அதைச் சீவிப் பிரயோஜனமில்லை. மெட்டி விரலை இறுக்கி மேலே தூக்குகிறது. அதை எடுத்துவிட்டு, விரலைத் தாழ்த்திக் கட்ட வேண்டும். வலிக்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் கம்பளித் துண்டு வைத்தால் பாரம் அதில் இறங்கும். கொஞ்ச காலம் குடம் தூக்கக் கூடாது. இப்போதே பார்த்தால் விரல் நேராகும், விட்டால் கோணிவிடும்.

மெட்டி என்றதும் காலை இழுத்துக்கொண்டேன். புருஷன் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது எவளாவது மெட்டியைக் கழற்றுவாளா?

அவர்தான் சொன்னார். "எடுக்கட்டும்ட்டி. போட்டவன் நான், கழட்டச் சொல்லுதவனும் நான். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ வாயே தெறக்காண்டாம்."

மூன்று சுற்று வெள்ளி மெட்டி, சதைக்குள் புதைந்திருந்தது. நர்ஸ் குறட்டால் வெட்டி எடுத்தாள். அவர் கை நீட்டி வாங்கி, தன் மடியில் முடிந்துகொண்டார். நர்ஸ் கம்பளித் துண்டு வைத்து விரலைத் தாழ்த்திக் கட்டிவிட்டாள்.

ஊர் திரும்பி, வண்டியை விட்டு இறங்கி வாசல் வரை நடந்தேன். கூழாங்கல் இல்லை! சந்தோஷத்தில் அழுகை வந்தது. காலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மாமியார் அப்படியே நின்றாள்.

"ஏட்டி, மெட்டி எங்க?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன தெரியும்? கால் வலிக்குன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, நான் வெளிய நின்னேன். உள்ள போனவ மெட்டியில்லாம வாரா. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலம்மா."

"அடிப் பாவி! எம் புள்ள உசுரோட இருக்கையிலயே அறுத்துட்டு வந்து நிக்காளே!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. மெட்டி அவர் மடியில் இருந்தது. சொல்லியிருக்கலாம். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவருக்கோ அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் ஆசாரி புது மெட்டி கொண்டுவந்தார். கட்டைப் பிரித்து, கம்பளித் துண்டை எருக்குழியில் எறிந்தாள் மாமியார். தோஷம் கழிய வேண்டுமாம், கல்யாணத்தில் போல அம்மிமேல் கால் வைக்கச் சொன்னார்கள். அவர் குனிந்து, விளக்கெண்ணெய் தடவி, வீங்கின விரலில் மெட்டியை ஏற்றினார்.

"பையப் போடுதேன், பொறுத்துக்கோ" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. எனக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

நான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகாததால் அந்த நர்ஸே ஒருநாள் வீடு தேடி வந்தாள். அவர் வாசலிலேயே மறித்து, "அவளுக்குச் சொகமாயிட்டும்மா, துள்ளிக் குதிச்சு நடக்கா" என்றார். நான் அடுப்படியில் குதிகாலை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

துரைசானி சொன்னபடியே விரல் கோணிப் பெருவிரல்மேல் ஏறிக்கொண்டது. அந்தக் காலோடுதான் பிள்ளை பெற்றேன், தண்ணீர் சுமந்தேன், மாமியாரைக் கரையேற்றினேன். அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு கோடையில் காய்ச்சல் கண்டு அவர் போய்ச் சேர்ந்தார். பத்தாம் நாள் பெண்கள் என் மெட்டியைக் கழற்ற வந்தார்கள். இடது கால் மெட்டி எளிதாக வந்துவிட்டது. வலது காலில் எண்ணெய் போட்டு இழுத்தும் அசையவில்லை. கடைசியில் ஆசாரி வீட்டுக் குறடுதான் வந்தது. 'டக்' என்று அது வெட்டுப்பட்டதும் நான் ஓவென்று அழுதேன். பாவம், புருஷனை நினைத்து அழுகிறாள் என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அவரை நினைத்துத்தான் அழுதேன். அந்த மெட்டி என் காலில் ஏறாமலிருக்க அவர் அன்றைக்கு வாசலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல், செத்துத்தான் எடுத்துக் கொடுத்தார்.