குழுவில் இருந்த குரல்

என் மனைவியின் குரலை அழித்தது நீங்கள்தான். குன்னூரில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் லினக்ஸ் குழுவின் அட்மின் என்ற ஒரே உரிமையில், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்தீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பழைய லேப்டாப்புகள் இந்த மலையில் வீட்டுக்கு வீடு கிடந்தன. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ஓடும். ஆனால் ஒன்றில் வைஃபை வராது, ஒன்றில் ஸ்பீக்கர் பேசாது. யார் எதைச் சரிசெய்தாலும் குழுவில் சொல்லிவிட வேண்டும், அதுதான் வழக்கம். போனில் தமிழ் அடிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பேசிப் பதிவுசெய்தே அனுப்பினோம்.

மஞ்சூரில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் சிக்னல் கிடையாது. என் மனைவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்று பேசுவாள்.

"ஏனுங்க, இந்த மாடலு மூடுனா தூங்கிருதுங்க. தொறந்தா எந்திரிக்க மாட்டேங்குது, ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்காரரு மாதிரி."

பிறகு போனை லேப்டாப் ஓரத்தில் வைப்பாள். உள்ளே ஃபேன் இரைவது கேட்கும்.

"கேக்குதுங்களா? இந்தச் சத்தம் எறங்கி நின்னப்பறந்தான் பட்டனத் தொடோணும். அவசரப்பட்டீங்கன்னா மறுக்கா மொதல்ல இருந்துதான்."

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அதன் பிறகும், குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அங்கே கிடந்த அவளுடைய பழைய பதிவுகளைக் கேட்டுவிட்டு "ரொம்ப நன்றிங்க அக்கா" என்று போட்டார்கள். அவள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு நன்றி வந்துகொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தேயிலை ஃபேக்டரிக்குப் போகும் முன் அதே பஸ் ஸ்டாப்பில் நின்று ஏதாவது ஒன்றைக் கேட்பேன். அதற்குப் பிறகுதான் என்னால் வேலைக்குப் போக முடிந்தது.

ஒரு நாள் தேவாலாவிலிருந்து குழுவில் இருக்கும் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அண்ணா, புது வெப்சைட்டுல போட்டிருக்கிற மாதிரியே செஞ்சேன், லேப்டாப் எந்திரிக்கல. அந்த அக்கா ஒரு சத்தம் கேக்க வெப்பாங்களே, அது எங்க போச்சு?"

குழுவைத் திறந்தேன். வெறுமையாக இருந்தது. அட்மின் அழித்தால் எல்லோருடைய போனிலிருந்தும் போய்விடும்; ஒரேயடியாகப் போயிருந்தது. உங்களைக் கூப்பிட்டேன்.

"எல்லாத்தையும் எழுத்தா மாத்தி வெப்சைட்ல ஏத்தியாச்சுங்கண்ணா. வாய்ஸ்ல எதையும் தேட முடியறதில்லீங்க. ஒண்ணுமே போகலீங்க."

வெப்சைட்டைப் பார்த்தேன். "மூடியைத் திறந்ததும் சற்றுக் காத்திருக்கவும்." அவ்வளவுதான். எதுவரை காத்திருக்க வேண்டும் என்று இல்லை. ஃபேன் இல்லை. கண்டுபிடித்தவள் பெயர் இல்லை. பேசியவர்கள் எத்தனையோ பேர். எழுதியிருப்பது ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது.

அவள் பேசிய வேறு பதிவு எங்கள் வீட்டில் கிடையாது. கல்யாண வீடியோவில்கூட மேளச் சத்தம்தான். என்னிடம் அவள் நேரில்தானே பேசினாள்? அதை யார் பதிவு செய்வார்கள்?

பிறகு எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினீர்கள். "சாரிங்கண்ணா, உங்க வருத்தம் புரியுதுங்க." எனக்கு அது வேண்டாம். அழிக்கும் முன் நகல் எடுத்து வைத்தீர்களா, இல்லையா? இருந்தால் எங்கே இருக்கிறது? என்னிடம் ரகசியமாகச் சொல்லாதீர்கள். பேசிக் கொடுத்த எல்லோரும் படிக்கும்படி குழுவிலேயே எழுதுங்கள்.