நறுக்குத் தெறித்தாற்போல

றீற்றா அக்கா காலமான செய்தி வந்தபோது நான் ஊர் விளையாட்டுப் போட்டியில் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு நின்ற என்னிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் இலேசில் திருப்பி வாங்க முடியாது. சட்டைப் பையில் இருந்த கைபேசி, மகள் போட்டுவைத்த சினிமாப் பாட்டை ஒலிபெருக்கி வழியே நெடுந்தீவு முழுக்க அலறவிட்டது. எடுத்துக் கேட்டேன். "இவ்வளவுதான்" என்று சொல்லி இறங்கினேன். என் பேச்சை வெட்டுவது எப்போதும் அக்காவின் வேலை. போகும்போதும் செய்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அவர் தலைவி, நான் செயலாளர். நான் வாய் திறந்தால், "தம்பி, நறுக்காச் சொல்லும்" என்பார். அதென்ன நறுக்கு என்று ஒருநாள் கேட்டேன். மாட்டுக்குப் பனையோலை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தவில்லை.

"கத்தி பட்டதும் தெறிச்சு விழுது பாரும், இந்தத் துண்டுதான் நறுக்கு. அந்தக்காலம் இதிலைதான் சேதி எழுதினவை. இடமும் இல்லை, எழுத்தாணி பிடிச்ச கையும் நோகும். அலட்ட ஏலுமோ?"

குறிகட்டுவான் துறையிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் பின்னேரப் படகை நிறுத்தியபோது, யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போன முதியவர்கள் இறங்குதுறையிலேயே படுத்தெழும்பினார்கள். விளக்கம் சொல்ல வந்த அதிகாரி டீசல், காற்று, ஆலோசனை என்று நீட்டினார். அக்கா எழுந்தார்.

"ஐயா, படகு ஓடுமோ, ஓடாதோ?"

"அம்மா, அதை ஒரு சொல்லிலை சொல்லேலாது."

"ஓடாது எண்டதும் ஒரு சொல்லுத்தானே. உங்களுக்குச் சொல்லப் பயம்."

அடுத்த நாள் காலைப் படகில் போய், குறிகட்டுவானில் கட்டிக் கிடந்த பின்னேரப் படகில் எல்லோரும் ஏறி இருந்துகொண்டோம். பொலிஸ் வந்து இறங்கச் சொன்னது. "மாட்டம்" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்தான். அன்று பொழுதுபடுமுன் படகு புறப்பட்டது. இன்றுவரை ஓடுகிறது.

இப்போது அதை மீண்டும் 'தற்காலிகமாக' நிறுத்தப்போகிறார்களாம். அக்காவின் அஞ்சலிக் கூட்டத்துக்கு அதே அதிகாரி வந்திருந்தார். அக்காவைப் புகழ்ந்து நெடுநேரம் பேசினார். படகைப் பற்றி மூச்சில்லை. அடுத்தது நான். எழுதிக் கொண்டுபோன தாள்களைப் பையிலேயே விட்டேன்.

"ஐயா, படகை நிப்பாட்டினா திரும்பவும் ஏறி இருப்பம். இறங்க மாட்டம்."

சொல்லிவிட்டுக் கதிரையில் போய் இருந்தேன். பின்னால் என் மனைவி பக்கத்திலிருந்தவரிடம், "இவருக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அக்காவை அறிந்த ஊராருக்குத் தெரியும், அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருந்தன. எனக்குக் கிடைத்தது அந்த "மாட்டம்". அதை விடமாட்டேன்.

கூட்டத்தில் அக்கா எப்போதும் இருக்கும் முன்வரிசைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்து ஒன்று மட்டும் வாய்க்குள் வைத்துக்கொண்டேன்: பயமாக் கிடக்கு அக்கா.