வேதவல்லி எல்லோரையும் மியூட் செய்த ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் போன் திரையில் முதலில் தெரிந்தது ஒரு காது. நரைமயிர் அடர்ந்த, பெரிய ஆண் காது. திரை முழுக்க அது மட்டும்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன் அய்யாக்கண்ணு திருச்சியிலிருந்து வீடியோ காலில் வந்திருந்தார். போன் என்றால் காதில் வைக்க வேண்டும் என்று அவர் கைக்குப் பழகிவிட்டது.

"மாமா, காதை எடுங்க!" என்று என் தம்பி மகன் சீனு கத்தினான்.

"ஆங்? சத்தமா சொல்லுப்பா. காதுகிட்டதானே வச்சிருக்கேன், அப்பவும் கேக்கலியே."

நாங்கள் சிரித்தோம். சீனுவின் அக்கா வேதவல்லி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்க்க வேண்டியிருந்த முகம் அந்தக் காதுக்குப் பின்னால் எங்கோ ஒரு மூலையில், தபால்தலை அளவில் இருந்தது.

வேதவல்லி என் தம்பி சம்பந்தத்தின் மூத்த மகள். ஹைதராபாத் மாரெட்பள்ளியில் ஒரே வீட்டில், தம்பி குடும்பம் கீழேயும் நான் மாடியிலுமாக இருக்கிறோம். அவள் பிறவியிலேயே காது கேளாதவள். மாப்பிள்ளை ஜெகதீஸ்வரனும் அப்படியே. திருச்சியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. வரன் அமைந்தபோது, இருவருக்கும் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். அந்த இருவரிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை.

அதற்கு முந்தைய ஞாயிறும் ஒரு வீடியோ கால் நடந்தது. ஜெகதீஸ்வரன் மாமன் வீட்டுக்கு வந்து, அவர் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லி முடிக்குமுன் அவருடைய கைகள் அந்தரத்தில் உறைந்து நின்றன. இணைப்பு சரியில்லை என்று ஒரு வரி வந்தது. பிறகு படம் அணைந்து குரல் மட்டும் மிஞ்சியது.

"அட, இப்பத்தான் பளிச்சுன்னு கேக்குது!" என்று சம்பந்தம் மகிழ்ந்து போனான்.

படம் இல்லாமலே பெரியவர்கள் பேச்சு நன்றாக நடந்தது. "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்கெல்லாம் போக வேண்டாம். இங்க வந்துடட்டும்" என்றார் அய்யாக்கண்ணு. "அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்றான் என் தம்பி. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். வேதவல்லி பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு அவள் அம்மா கமலம் விஷயத்தைக் கைகளால் சொன்னபோதுதான் அவளுக்கே தெரிந்தது. பன்னிரண்டு நாள் கழித்து வரும் வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து பூ வைப்பதாக முடிவாகியிருந்தது.

அவள் கமலத்திடம் காட்டியதை நானே பார்த்தேன். மார்பைத் தொட்டாள், பிறகு தெற்கே கையை நீட்டினாள், பிறகு இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி அசைத்தாள். நான் அவரிடம் பேச வேண்டும். வேலையை விடு என்று அவரே சொல்லட்டும். அவரைக் கேட்காமல் பூ வேண்டாம். கமலம்தான் அதை எங்களுக்குச் சொன்னாள்.

குஷாய்குடாவில் ஒரு சிறிய தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. மின்சுற்றுப் பலகைகளில் ஈயப் பற்றுகள் சரியாகப் பிடித்திருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பது. பழுது இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவாள். மாற்றிய பிறகு பார்ப்பாள். சரியாகவில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். வீட்டிலும் அதே பழக்கம்தான். மிக்ஸி நின்றுபோனால் சீனு அதைத் தட்டுவான். அவள் முதலில் ப்ளக்கைப் பார்ப்பாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது கூடத்தில் ஒரு லேண்ட்லைன் போன் இருந்தது. அது அடித்தால் நாங்கள் ஓடுவோம். எதற்கு என்று தெரியாமல் அவளும் கூடவே ஓடி வருவாள். ஒருநாள் யாரும் இல்லாதபோது ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள், பிறகு திருப்பிப் பார்த்தாள், பிறகு மோந்து பார்த்தாள். நான் படியில் நின்றிருந்தேன். அந்தக் கருவியில் எங்களுக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

வீடியோ கால் வந்த பிறகு போன் அவளுக்கும் ஆனது. பள்ளித் தோழி ஸ்டெல்லா விஜயவாடாவில் இருக்கிறாள். போனை ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டால் இரண்டு கைகளும் பேசத் தொடங்கும். அடுப்பில் பால் பொங்கினால்கூடத் திரும்ப மாட்டாள். கமலம் வந்து கேமராவின் முன் கரண்டியை நீட்டினால்தான் பேச்சு நிற்கும்.

காது கேளாத நண்பர்கள் பலர் போன் பழுது என்றால் அவளைத் தேடித்தான் வருவார்கள். கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் ஒரு கால் போட்டு "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்ப்பார். பிறகு "டீக் ஹை, நல்லாத்தான் இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஹலோ கேட்கிறதா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. விரல்கள் மங்காமல் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதை எந்தக் கடையிலும் சோதித்துத் தருவதில்லை.

போன ஞாயிறு என்ன கெட்டது என்பதை வேதவல்லி அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து தேடினாள். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு அறையிலும் நின்று பார்த்தாள். எங்கள் வைஃபை பெட்டி பீரோ மேல் இருக்கிறது என்றுதான் சீனு சொல்வான். சரியாகச் சொன்னால், அது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தது. இரும்புக்குப் பின்னால் இருந்தால் கூடம் வரை எப்படி எட்டும்? அவள் அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். படம் கொஞ்சம் தேறியது. அப்புறம் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள். கால் பேசும்போது டேட்டாவை மிச்சம் பிடிக்கும் அமைப்பை யாரோ போட்டு வைத்திருந்தார்கள்.

"டேட்டா சீக்கிரம் தீருதுன்னு அப்பாதான் சொன்னார். நான்தான் போட்டேன்" என்றான் சீனு. "எதுக்கு முறைக்கிறா பாருங்க பெரியப்பா!"

மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ஆப் முதலில் படத்தைத்தான் விட்டுவிடும். குரல் போதும் என்பது அதன் கணக்கு. அவள் அந்த அமைப்பை எடுத்துவிட்டாள். படம் தெளிந்தது.

மாப்பிள்ளையை நேராகப் பிடிக்கவும் ஒரு வழி வேண்டியிருந்தது. மாப்பிள்ளை நம்பரை அவள் கேட்கவில்லை. பூ வைக்கும்வரை பெண்ணும் பையனும் நம்பர் மாற்றிக்கொள்வது எங்கள் இரு வீட்டிலும் வழக்கமில்லை. அய்யாக்கண்ணுவின் நம்பருக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பிப் பார்த்தாள். "எல்லாம் ஓகேம்மா" என்று மாமனே பதில் போட்டுவிட்டார். மேலும் அவள் பள்ளியில் படித்தது தெலுங்கும் ஆங்கிலமும். ஜெகதீஸ்வரன் படித்தது தமிழ். இருவருக்கும் பொதுவான மொழி கைகளில்தான் இருந்தது. அதனால் லிங்க் அனுப்பி, நம்பர் இல்லாமலே பலர் சேரக்கூடிய ஒரு ஆப்பைத் தேர்ந்தெடுத்தாள். மாப்பிள்ளை அவர் வீட்டிலிருந்து, அவர் போனிலேயே வரட்டும் என்று கமலத்தை விட்டுச் சொல்லவைத்தாள். அதை ஸ்டெல்லாவோடும் அப்பாவோடும் சோதித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தம் இருமினான். உடனே ஸ்டெல்லா சிறியதாகி மூலைக்குப் போனாள், சம்பந்தம் பெரியதாக வந்து நின்றான். வேதவல்லி அவனை மறுபடி இருமச் சொன்னாள். மறுபடியும் அப்படியே. யார் சத்தம் போடுகிறார்களோ அவர்தான் பேசுகிறார் என்று ஆப் நினைக்கிறது. கையால் எவ்வளவு பேசினாலும் ஒரு இருமலுக்கு ஈடாகாது. பாவம், அன்று சம்பந்தம் தொண்டை வறளும்வரை இருமினான்.

ஞாயிறு காலை கமலம் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வைத்தாள். வேதவல்லி குளித்துவிட்டுக் கருநீலப் பருத்திப் புடவையில் வந்தாள். அதில் ஒரு பூ வேலைகூட இல்லை.

"என்னடி இது? ஆபீஸ் மீட்டிங்குக்கா போற?" என்று வாயால் கேட்டுக்கொண்டே கமலம் கையாலும் கேட்டாள்.

அவள் பட்டின் ஜரிகையைக் காட்டினாள், போனைக் காட்டினாள், விரல்களை அதன் முன்னால் ஆட்டிக் காட்டினாள். ஜரிகை மின்னினால் கை தெரியாது. கமலம் முணுமுணுத்துக்கொண்டே போய் மல்லிகைப்பூவாவது வைத்துக்கொள் என்று கொண்டு வந்தாள். அதற்கு மட்டும் இடம் கிடைத்தது.

கால் தொடங்கியதும் கூடத்தில் காதைக் கிழிக்கும் ஒரு கீச்சொலி எழுந்தது. நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். அவளுக்கு அது கேட்காது. எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தாள், அப்பாவின் போனைப் பார்த்தாள், தன் போனைப் பார்த்தாள். ஒரே அறையில் இரண்டு போன்கள். தன் போனின் மைக்கையும் ஒலியையும் அணைத்தாள். கீச்சொலி நின்றது. தன் காதுக்கு எட்டாத சத்தத்தை எங்கள் முகத்தைப் பார்த்தே அவள் பிடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காது வந்தது. காதுக்குப் பின்னாலிருந்து அய்யாக்கண்ணுவின் குரல் தொடர்ந்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை வந்துடறோம் சம்பந்தம். பொண்ணு வேலைக்கு நோட்டீஸ் கொடுத்துடுச்சா?"

"அது வந்து..." என்று சம்பந்தம் இழுத்தான்.

வேதவல்லி அம்மாவைப் பார்த்தாள். கமலம் கையால் சொன்னாள். அவ்வளவுதான், வேதவல்லியின் கட்டைவிரல் திரையில் இறங்கியது. அய்யாக்கண்ணுவின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. அடுத்து சம்பந்தம். லிங்க்கை அனுப்பியவர்களால் மற்ற எல்லோரையும் மியூட் செய்ய முடியும் என்பது அவளைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"ஹலோ? அண்ணே? ஹலோ?" என்று சம்பந்தம் போனை உலுக்கினான்.

"நக்கோப்பா, வேணாம், உலுக்காத. உன்னை மியூட் பண்ணிட்டா" என்றான் சீனு. அடக்க முடியாத சிரிப்பு அவனுக்கு.

திரையில் காது விலகியது. அய்யாக்கண்ணுவின் முகம் முதல்முறையாகத் தெரிந்தது. நல்ல களையான முகம். வாய் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்று நாங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் புரியவில்லை. வேதவல்லி ஜெகதீஸ்வரனின் படத்தை அழுத்தி, பெரியதாக நிறுத்திவைத்தாள். இனி யார் இருமினாலும் அது நகராது.

மெலிந்த இளைஞர். அவரும் ஒற்றை நிறச் சட்டைதான் போட்டிருந்தார். அதை அவள் கவனித்ததை நான் கவனித்தேன். அவள் கைகள் பேசத் தொடங்கின. கமலம் எங்களுக்கு மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நான் வேலையை விடணும்னு நீங்க சொன்னீங்களான்னு கேக்கறா."

அவர் நெற்றியைச் சுருக்கினார். விளக்கின் கீழ் பலகையைப் பார்ப்பது போல அவர் கைகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லியாம். அவரை யாருமே கேக்கலியாம். அவ வேலை பாக்கறதே அவருக்குத் தெரியாதாம்." கமலம் சம்பந்தத்தை ஒரு பார்வை பார்த்தாள். "என்ன வேலைன்னு கேக்கறார்."

வேதவல்லி எழுந்து போய் ஒரு பழைய பலகையை எடுத்து வந்து, கேமராவுக்கு முன்னால் பிடித்துப் பற்றுகளைக் காட்டினாள். அவர் முன்னால் குனிந்து பார்த்தார். அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் தானும் இப்படித்தான் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன் என்று காட்டினார். பேச்சு வேகம் பிடித்தது. கமலத்தால் தொடர முடியவில்லை. "இருங்க, இருங்க" என்று அவள் எங்களிடம்தான் சொன்னாள். அவர்கள் யாருக்காகவும் நிற்கவில்லை.

கடைசியாகக் கமலம் பிடித்துச் சொன்னது இது. வேலையை விட வேண்டாம். அச்சகங்கள் ஹைதராபாத்திலும் உண்டு, அவர் இங்கே தேடுவார். கிடைக்கும்வரை அவர் அங்கே, இவள் இங்கே. கிடைக்காவிட்டால் மறுபடி இருவரும் இப்படியே உட்கார்ந்து பேச வேண்டும்.

வேதவல்லி திரைக்குப் பக்கமாகக் குனிந்தாள். பிறகு, உங்கள் விளக்கு முதுகுப்பக்கம் இருக்கிறது, அதை முன்னால் வையுங்கள் என்றாள். அவர் எழுந்து போய் விளக்கை நகர்த்தி வைத்துவிட்டு வந்தார். முகத்தில் நன்றாக வெளிச்சம் விழுந்தது. அவள் பார்த்தாள். அம்மா பக்கம் திரும்பி, விரல்களைக் குவித்துக் கூந்தலுக்குக் கொண்டுபோனாள்.

"பூ வைக்கலாமாம்" என்றாள் கமலம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சம்பந்தம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னையே மியூட் பண்ணிட்டாளே அண்ணா" என்று என்னிடம் சொன்னான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வாரம் முழுக்க அதைத்தான் தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

அவள் அப்பாவின் போனில் மியூட்டை எடுத்துவிட்டாள். திருச்சிப் பக்கம் மியூட்டை எடுக்கச் சொல்லி ஜெகதீஸ்வரன் மாமனுக்குத் திரை வழியே கையால் ஜாடை காட்ட, மாமன் வீட்டில் யாரோ அதை அழுத்தினார்கள்.

"அலோ! கனெக்‌ஷன் போயிடுச்சா? ஒரு சத்தமும் வரலியே, என்ன பேசினாங்க?"

"அவங்க ரெண்டு பேரும் பேசிட்டாங்கண்ணே" என்றாள் கமலம். "வெள்ளிக்கிழமை வாங்க. வேலையை விடல."

"ஆங்? என்னது?" என்று அய்யாக்கண்ணு நன்றாகக் கேட்பதற்காகப் போனைக் காதுக்குக் கொண்டுபோனார். அப்பாவின் போனில் மறுபடியும் அந்தப் பெரிய காது. வேதவல்லி அதைப் பார்த்து இந்த முறை வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு கைகளையும் குவித்து அந்தக் காதுக்கு ஒரு வணக்கம் வைத்தாள்.