சிவப்பு நோட்டும் ஒன்பது ஹார்ட்டும்

தெப்ராவில் ஒரு கடையில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோதுதான் பளிச்சென்று புரிந்தது. போக்கரில், இன்னும் வராத ஒரு சீட்டை நம்பித் தொடர்வது தைரியமும் இல்லை, பைத்தியக்காரத்தனமும் இல்லை. வெறும் வகுத்தல் கணக்கு!

எப்படி? அந்தச் சீட்டு ஒரு முறை வந்தால் நான்கு முறை வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நான் போட வேண்டிய தொகையைப் போல நான்கு மடங்காவது மேசையில் கிடக்க வேண்டும். கிடந்தால் தொடரலாம். இல்லையா... சீட்டைக் கவிழ்த்துவிடலாம். இவ்வளவுதானா? இதற்கா இரண்டு வருடமாக உள்ளங்கை வியர்த்தேன்?

ஞாயிறு மதியமே சோதனை. பெர்மாஸ் ஜெயாவில் என் பக்கத்து வீட்டு ஜெரால்ட் அண்ணன் வீட்டில் நான்கு பேர் விளையாடுவோம். சில்லுகள் கிடையாது, நோட்டுதான். ஆளுக்கு ஐம்பது ரிங்கிட். தீர்ந்தால் எழுந்து போய் எல்லோருக்கும் டீ கலக்க வேண்டும். மறுபடி உட்கார முடியாது. அண்ணன் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அதனால் அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு — சிங்கப்பூர் பத்து டாலர் என்றால் முப்பது ரிங்கிட்.

அன்று என்னிடம் மிச்சம் இருந்தது இருபது. அண்ணனும் நானும் மட்டும் ஆட்டத்தில். என் கையில் இரண்டு சீட்டும் ஹார்ட், மேசையில் திறந்து கிடந்த நான்கில் இரண்டு ஹார்ட். இன்னும் ஒரே சீட்டுதான் பாக்கி. அதுவும் ஹார்ட்டாக இருந்தால் ஐந்து ஹார்ட் சேர்ந்து நான் ஜெயிப்பேன். அண்ணன் நிதானமாக இருபது வைத்தார். தொடர்ந்தால், என் கடைசி இருபதும் போகும்.

நான் பார்க்காத சீட்டுகள் நாற்பத்தாறு. அதில் ஹார்ட் ஒன்பது. கிட்டத்தட்ட நான்குக்கு ஒன்று. அண்ணன் வைத்த இருபதையும் சேர்த்து மேசையில் கிடந்த பணத்தை எண்ணினேன்... அறுபத்தைந்து. எண்பது தாண்டினால்தானே தொடர முடியும்?

சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த மேரி அக்கா, அண்ணனின் மனைவி, பொறுமை இழந்தார். "என்ன தம்பி, பரீட்சையா எழுதுற? சட்டுன்னு சொல்லு லா."

கவிழ்த்தேன். பெருமையாகக் கணக்கையும் விளக்கினேன். அண்ணன் நோட்டுகளை வாரிக்கொண்டே கேட்டார். பிறகு சிவப்பாக ஒன்றை உருவி என் முன்னால் விரித்தார்.

"இது என்னா?"

சிங்கப்பூர் பத்து. நம் பத்தும் சிவப்பு, அதுவும் சிவப்பு! பதினைந்து போட வேண்டிய இடத்தில் இதைப் போட்டு, மீதிப் பதினைந்தை எடுத்திருக்கிறார். அப்போது நான் என் சீட்டை ரசித்துக்கொண்டிருந்தேன். ஆக, நான் பத்து என்று எண்ணியது முப்பது. மேசையில் இருந்தது எண்பத்தைந்து. என் கணக்குப்படியே தொடர்ந்திருக்க வேண்டும்.

மேரி அக்கா சும்மா இருப்பாரா? வந்திருக்க வேண்டிய சீட்டைத் திருப்பினார். ஸ்பேட்.

"தப்பா எண்ணி தப்பிச்சிட்ட. போ, சாமிக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்து," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் இருபது பிழைத்தது, நாற்காலியும் பிழைத்தது. ஆனால் நான் எடுத்த முடிவு சரியா, தவறா? ஸ்பேட் வந்ததால் தவறு சரியாகிவிடுமா? ஹார்ட் வந்திருந்தால் இதே முடிவை முட்டாள்தனம் என்றிருப்பேனே...

கண்ணுக்குத் தெரியாத நாற்பத்தாறு சீட்டை அவ்வளவு கவனமாக எண்ணினேன். கண்ணெதிரே கிடந்த ஒரு நோட்டைப் பார்க்கவில்லை. நாம் எல்லோருமே இப்படித்தானோ?

அடுத்த ஞாயிறு ஒரு புது முயற்சி. முடிவெடுக்கும் முன், "மேசையில எவ்வளவு இருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்கப் போகிறேன். சிக்கல் என்னவென்றால், கேட்ட மறு நொடியே நான் ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்பேன்... கையில் வெறும் குப்பை இருந்தாலும்!