மச்சான் கண்ணும் சிவப்பு ஃபில்டரும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். என் மச்சான் தனசேகர் என் பிக்கப் வண்டியின் என்ஜினுக்குச் செய்வினை வைத்துவிட்டான் என்று நான் மனதார நம்பினேன். எனக்கு வைத்திருந்தாலாவது நியாயம் உண்டு. டீசல் என்ஜினுக்கு! அப்போது எனக்கு மீசை இருந்தது, லைசென்ஸ் இருந்தது, ஒரு பிள்ளைக்குத் தகப்பன் என்ற பட்டமும் இருந்தது. புத்தி மட்டும் வரும் வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது.

போன வாரம் சிறுசேரி சிக்னலில் நின்றிருந்தேன். பக்கத்துக் காரில் ஒருவன் ஆக்சிலேட்டரை மிதித்து விட்டான். பானெட்டுக்குள்ளிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. காற்று கூடுதலாகப் போக வேண்டும் என்று கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிப் போட்ட ஃபில்டர். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த அந்த நொடியில் எனக்கு மீன் வாசனை அடித்தது.

புதுப்பட்டினத்தில் மேரியக்காவின் டீக்கடையை ஒட்டி ஒரு பிக்கப் ஸ்டாண்ட் இருந்த காலம் அது. நானும் தனசேகரும் அங்கேதான் வண்டி போட்டிருந்தோம். இருவருமே காதர் பாயின் மீனைச் செங்கல்பட்டு ஏலத்துக்கு ஏற்றிப் போவோம். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் என் வாய். என் மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டவன் அவன். கொண்டுவந்த கம்மல் கொஞ்சம் சின்னது. நான் சும்மா இருந்திருக்கலாம். மைக்கைப் பிடித்து, "கம்மலைப் பாக்கணும்னு ஆசப்படறவங்க கண்ணாடி போட்டுகினு வாங்க" என்றேன். பந்தியே சிரித்தது. அவன் பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிடாமல் போனான்.

எங்கள் பக்கத்தில் பேச்சு இல்லை என்றால் பேசமாட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் அதிகமாகப் பேசுவோம், ஆனால் மூன்றாவது ஆளிடம். அந்த மூன்றாவது ஆள் மேரியக்கா.

"அக்கா, சில பேரு வண்டிக்கு இருமலு வந்துகீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்லு" என்பான், என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

"அக்கா, சில பேரு வாயிக்கு சைலன்சரு கெடையாதுன்னு சொல்லு" என்பேன் நான்.

"யோவ், உங்க ரெண்டு பேரு வாயிக்கும் நடுவுல கடைய போட்டேன் பாரு, என்ன சொல்லணும்" என்று அவள் டீயை எங்கள் முன்னால் ணங்கென்று வைப்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததைக் காதர் பாய் கெடுத்தார். "ரெண்டு வண்டி வெச்சி எனக்கு கட்டுபடியாவலப்பா. வர்ற வாரம் பாக்கறேன். எவன் ஏலத்துக்கு மொதல்ல வந்து நிக்கிறானோ, இனிமே லோடு அவனுக்குத்தான்" என்று இருவரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டார். தினமும் கிடைக்கும் லோடு அது ஒன்றுதான். அது போனால் யாராவது வீடு மாற்றும்வரை காத்திருக்க வேண்டும். தனசேகரின் வண்டியோ என்னுடையதைவிடப் புதுசு. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தினமும் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைக் கடந்து போவான். அந்த ஹாரனிலேயே ஒரு கெட்ட வார்த்தை இருக்கும்.

ஆகவே நான் சென்னையில் உதிரிபாகக் கடைத்தெருவுக்குப் போய் அந்த ஃபில்டரை வாங்கி வந்தேன். ரத்தச் சிவப்பு, கூம்பு வடிவம். "இத்த போட்டீன்னா வண்டி மூச்சு வுடும்ணே" என்றான் கடைக்காரன். அதுவரை என் வண்டி என்ன விட்டுக்கொண்டிருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஸ்டாண்டிலேயே, எல்லோரும் பார்க்கும்படி, நானே மாட்டினேன். பழைய ஃபில்டர் இருந்த கறுப்பு டப்பாவின் கிளிப்புகளைத் திறந்தால் உள்ளே அரைப்படி மணல், சவுக்கு இலை, ஒரு செத்த தும்பி. டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, ரப்பர் குழாயின் வாயில் சிவப்புக் கூம்பைச் செருகி, கிளாம்ப் போட்டு முறுக்கினேன். இரண்டு போல்ட் மிச்சமாயின. டேஷ்போர்டில் பிள்ளையார் காலடியில் வைத்தேன், அவர் பார்த்துக்கொள்வார் என்று. சாவியைத் திருப்பி ஆக்சிலேட்டரை மிதித்தேன். 'ஹோ' என்று இழுத்தது பாருங்கள்! சத்தம் கூடினால் வேகமும் கூடும் என்று நம்புகிற பரம்பரை நான். கை தட்டினார்கள்.

அப்போது தனசேகர் வந்தான். திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு வார்த்தை இல்லை. மேரியக்கா வழியாகக்கூட இல்லை. பார்த்தான், டீ குடித்தான், போனான்.

கண் வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். வீட்டுக்குப் போய் அவன் தங்கச்சியிடம், அதாவது என் பெண்டாட்டியிடம் சொன்னேன். "எங்கண்ணன் கண்ணு கொள்ளிக்கண்ணா? உன் வாயிதான்யா கொள்ளி" என்று சோற்றைத் தள்ளினாள். உதவிக்கு ஆள் இல்லை. புது வீடு என்றால் பூசணிக்காய் கட்டலாம். புது வண்டி என்றால் முன்னால் கறுப்புக் கயிறு கட்டலாம். பானெட்டுக்குள் இருக்கும் சிவப்புக் கூம்புக்கு எதைக் கட்டுவது? பரண்மேல் ஒரு கிழிந்த குடை கிடந்தது. அதன் கறுப்புத் துணியை வெட்டி, உறை மாதிரி தைத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டாண்டுக்குப் போய் ஃபில்டருக்கு மாட்டிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். கண்ணும் படாது, மணலும் போகாது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஸ்டாண்டுக்குப் போனேன். முன்டயர் பக்கத்தில் அறுத்த எலுமிச்சம்பழம். என் ரத்தம் ஐஸ்பெட்டிக்குள் போய்விட்டது. அது மேரியக்கா லெமன் டீக்குப் பிழிந்து எறிந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் தனசேகரின் முகம்தான்.

லோடு ஏற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் கிளம்பிவிட்டேன். சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி மேடு வந்தது, மிதித்தேன். வண்டி போகவில்லை. இன்னும் மிதித்தேன். பின்னால் கரும்புகை, ரோடே தெரியவில்லை. எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது! வேதகிரீஸ்வரரைக் கூப்பிட்டேன், மேரியக்கா கும்பிடும் மாதாவைக் கூப்பிட்டேன், காதர் பாய் சொல்லும் அல்லாவையும் விடவில்லை. ஒருவரும் வரவில்லை, அவரவர்க்கு அவரவர் வேலை. வண்டி இருமி, குலுங்கி, மேட்டில் நின்றது. திரும்ப எடுக்கவில்லை.

ஹாரன் கேட்டது. தனசேகர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தான். நான் பானெட்டைத் திறந்தேன். குடைத்துணி ஃபில்டரோடு ஒட்டிச் சப்பிப்போய்க் கிடந்தது. காற்றுக்காக வாங்கிய சாமானின் மூக்கை நானே பொத்தியிருக்கிறேன். அதுவும் போதாதென்று கட்டியிருந்த கம்பி கூம்பைக் கிழித்திருந்தது, துணியின் ஒரு முனை அந்த ஓட்டை வழியாக உள்ளே இழுபட்டுப் போயிருந்தது.

தனசேகர் குனிந்து பார்த்தான். பிறகு என் என்ஜினிடம், என்னிடம் இல்லை, என்ஜினிடம் கேட்டான்: "இன்னாமா, உங்கூட்ல எதனா சாவா? கறுப்பு கட்டிகினு கீற?"

நானும் அவன் வண்டியின் டயரைப் பார்த்துச் சொன்னேன்: "அறுத்து போட்ட எலுமிச்சம்பழம் எங்க வாங்கினதுன்னு உங்க ஓனர கேளு."

"எலுமிச்சம்பழமா? லூசு" என்றான், டயர் சார்பில். போனை எடுத்தான். "பாய், லோடு மேட்ல நின்னுகினு கீது. ஐஸு ஒழுவுது. நான் ஏத்திகினு வரேன்."

மீன் பெட்டியை ஒரு ஆள் தூக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவன் லோடின் மேல் அடுக்கினோம். "தூக்கு" என்று அவன் பெட்டியிடம் சொன்னான். "கால்ல போடாத" என்று நான் வஞ்சிரத்திடம் சொன்னேன். மீன் தண்ணீர் இருவர் சட்டையிலும் ஒன்றுபோல வழிந்தது. கடைசிப் பெட்டியை வைக்கும்போது என் விரல் நசுங்கியது. அவன் பார்த்தான். சிரிக்கவில்லை, கை கொடுக்கவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அதே ஹாரனை அடித்துவிட்டுப் போனான்.

இப்போது அந்த ஸ்டாண்ட் இல்லை. அங்கே செல்போன் கடை இருக்கிறது. மேரியக்கா மகள் வீட்டோடு போய்விட்டாள். காதர் பாயின் மகன் குளிர்சாதன வேன் வைத்திருக்கிறான், ஏலத்துக்கு முன்பே போனில் விற்றுவிடுகிறான். தனசேகர் சிறுசேரியில் கம்பெனி ஷட்டில் ஓட்டுகிறான். விசேஷங்களில் பார்ப்போம். வசவைக் கொண்டுபோய்ச் சேர்க்க நடுவில் ஆள் இல்லாததால் சண்டைகூட நடப்பதில்லை.

அன்று மீன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து லோடு தனசேகருக்கு. நான் அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் மாறுபவர்களின் பீரோ ஏற்றப் போனேன்.