எரிகல்லுக்கு வைத்த கேமரா

பேயைப் பார்த்தேன் என்று சொல்கிறவனுக்கு நான் ஒரு தேத்தண்ணி கூட வாங்கிக் கொடுத்ததில்லை. மலாக்கா பூராவும் சுற்றியிருக்கிறேன், சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிறேன், பஸ் ஸ்டேஷன் பெஞ்சில் மாசக்கணக்கில் தூங்கியிருக்கிறேன், என்னை எழுப்பியது போலீஸும் கொசுவும்தான், வேறு எதுவும் வந்ததில்லை. முனி அடித்தது, மோகினி கூப்பிட்டது என்று கதை விடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். நீங்களும் இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னை அப்படித்தான் பார்க்கப் போகிறீர்கள். பாருங்கள், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

தொண்ணூறுகளில் நடந்தது. அலோர் காஜாவைத் தாண்டி ஒரு ரப்பர் எஸ்டேட், பெயர் எதற்கு, இப்போது அங்கே தாமான் என்று வரிசை வீடுகள் வந்துவிட்டன. அதற்கு முன்பு செங் என்ற ஊரில் ஒரு சீன முதலாளியிடம் கடைகளுக்குக் காவல் கேமரா மாட்டும் வேலையில் இருந்தேன். அவர் தொழிலை மூடிவிட்டுப் போகும்போது மூலையில் கிடந்த ஒரு பழைய கேமராவையும் வீடியோ டெக்கையும் என்னிடம் தள்ளிவிட்டார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், ஆனாலும் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியும். தங்க இடமில்லாமல் அந்த எஸ்டேட்டில் காத்தமுத்து அண்ணன் வீட்டு அடுப்படி ஓரமாகப் படுக்க இடம் பிடித்தேன்.

அண்ணன் ஸ்மோக்ஹவுஸ் காவல்காரர். ரப்பர் ஷீட்டை வரிசையாகத் தொங்கவிட்டு, அடியில் விறகைப் போட்டுப் புகை மூட்டுவார்களே, அந்த உயரமான கட்டடம். நெருப்பு அணையாமலும் மிஞ்சாமலும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நான் வருவதற்குச் சில மாதம் முன்பு ஒரு ராத்திரி அது எரிந்து போயிருந்தது. வானத்திலிருந்து நெருப்பு விழுந்தது என்றார் அண்ணன். குடித்துவிட்டுத் தூங்கினாய், விறகு எரிந்து மேலே ஏறிவிட்டது என்றார் மேனேஜர், வேலையை விட்டு நிறுத்தினார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். கொஞ்ச காலம் இழுத்தடித்துவிட்டு, அந்த மாசக் கடைசிக்குள் காலி பண்ணு என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

லயத்து ஜனங்களோ, முனீஸ்வரனுக்கு அந்த வருஷம் கிடா வெட்டாத குற்றம் என்று பாதிப் பேர், குடிகாரன் என்று மீதிப் பேர். அண்ணன் குடிப்பவர்தான், வேலை நேரத்தில் தொடமாட்டார். அந்த அளவு ஒழுக்கம் அவரை ஏசிய எவனுக்கும் கிடையாது.

மேனேஜர் நம் தமிழர்தான். அதனால் இன்னும் மோசம். அண்ணன் கடைசியாகப் போய்க் கெஞ்சியபோது, ஆபீஸில் எல்லாரும் பார்க்க, "வானத்திலேர்ந்து நெருப்பு விழுமா லா? எங்க, ஒண்ணு விழுறத எனக்குக் காட்டு. காட்டிட்டா வேலையும் உனக்கு, வீடும் உனக்கு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்த மனுஷன் அந்தக் கிண்டலை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்படி ஒரு மண்டை.

"தம்பி, உங்கிட்ட கேமரா இருக்கே. வானத்தப் பிடிக்குமா?"

"வானம் பெருசுண்ணே. எந்த மூலையில விழும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப முழுசையும் பிடி."

முட்டாள்தனமான பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைகளில் திருடர்களைப் பார்க்க மேலே மாட்டும் குண்டுக் கண்ணாடி ஞாபகம் வந்தது. கடை முழுவதையும் ஒரு தட்டுக்குள் காட்டுமே, அதை மல்லாக்கப் போட்டால் வானம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். மூடிப்போன ஒரு மினி மார்க்கெட்டில் ஓரம் உடைந்த கண்ணாடி ஒன்று சும்மா கிடைத்தது. டிவி ஏரியல் குழாயை அறுத்து மூன்று கால் செய்து, கேமராவைக் கண்ணாடிக்கு மேலே கீழ்நோக்கிக் கட்டி, ஒயரை அடுப்படி ஜன்னல் வழியாக இழுத்து டெக்கில் சொருகினேன். இவ்வளவுதான் கருவி. முதல் ராத்திரி பனி இறங்கிக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது, அதனால் பால் டின்னுக்குள் ஒரு குட்டி பல்பைப் போட்டு அடியில் வைத்தேன், அந்தச் சூட்டில் காய்ந்தே இருந்தது. கறுப்பு வெள்ளைக் கேமரா, சில்லறை நட்சத்திரமெல்லாம் தெரியாது, பெரிதாக எரிகல் விழுந்தால் ஒரு கோடு வரும்.

அண்ணன் சம்சாரம் செல்லம்மா அக்கா கண்ணாடி ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தைக் காலால் நசுக்கினார்.

"வானத்துக்கே திருஷ்டியாக்கா?"

"வாய மூடு. புது மோட்டார் சைக்கிளுக்கு வைக்கல? இதும் மெஷினுதான்."

தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தால் மரம் மறைக்காது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அண்ணன் கேட்கவில்லை. "எடம் தெரியணும் தம்பி. வெறும் வானத்தக் காட்டினா வேற ஊரு வானம்னு சொல்லுவான் அந்தாளு." ஸ்மோக்ஹவுஸ் இருந்த இடம் கண்ணாடி ஓரத்தில் விழும்படி, வீட்டுக்குப் பின்னால் இருந்த திடலில்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதம். அங்கே மிச்சம் இருந்தது கரி பிடித்த சிமெண்டுத் தரை மட்டும். செங்கல்லைக்கூடக் கோழிக்கூண்டு கட்ட லயத்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பல ராத்திரிகள் படத்தில் மேகமும் வௌவாலும் விமானமும்தான் விழுந்தன. கெடு முடியப்போகும் சமயத்தில் ஒரு ராத்திரி வானம் துடைத்த மாதிரி இருந்தது. புது டேப்பை நான்தான் பிரித்துப் போட்டேன். பாயில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அண்ணன் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று திடலே பச்சை வெளிச்சத்தில் முழுகியது, அந்தண்டை மரக்காட்டுக்குப் பின்னால் ஏதோ இறங்கிப் போனது, கொஞ்சம் பொறுத்து லாரி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். "பாத்தியா! பாத்தியா!" என்று அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். தவளைகள் எல்லாம் கப்பென்று நின்றுவிட்டன. வேறு எந்தக் குரலும் கேட்கவில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

காலையில் டேப்பைப் போட்டுப் பார்த்தோம். தட்டு மாதிரி வட்டமான வானம், நடுவில் கேமராவின் நிழல், ஒரு ஓரத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் இரண்டு பேர். கோடு வந்தது, வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில், எதிர் ஓரத்தில், ஸ்மோக்ஹவுஸ் நின்றது. கூரை, புகைப்போக்கி, பக்கத்தில் சாத்திய ஏணி எல்லாம் முழுசாக. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கோடு நேராகக் கூரை மேல் இறங்கியது, கூரை பற்றியது. பின்னாலிருந்து ஒரு ஆள் டார்ச் லைட்டோடு ஓடிவந்து மேலே பார்த்தான். இடது காலை இழுத்து இழுத்து ஓடினான். எஸ்டேட்டில் அப்படி நடக்கிறவர் ஒருத்தர்தான், அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் அந்த ஆள் நாங்கள் இருந்த பக்கம் திரும்பினான், டார்ச்சை ஆட்டினான், வாய் திறந்து திறந்து மூடியது. என் கேமராவுக்குக் காது கிடையாது. அப்புறம் வெளிச்சம் போய்விட்டது, பழையபடி இருட்டு, பால் டின் பல்பு வெளிச்சத்தில் பாயில் நாங்கள்.

அக்கா அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். எனக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை, மேனேஜரிடம் காட்டவேண்டாம் என்று சொன்னேன். "நெருப்பு விழுதுல்ல? அதானே கேட்டாரு" என்று அண்ணன் கிளம்பிவிட்டார்.

மேனேஜர் முதல் தடவை முழுசாகப் பார்த்தார். இரண்டாவது தடவை ஓடவிட்டுச் சிரித்தார். "கட்டடம் முழுசா நிக்குது. அப்ப இது எரியறதுக்கு முன்னாடி எடுத்த படம். ஏன்டா, படம் பிடிக்க ஆள உக்கார வச்சிட்டுக் கொளுத்தினியா? போலீஸ்ல குடுக்கவா, நீயே போயிடுறியா?"

அந்த ஆளைத் திட்ட எனக்கு எத்தனையோ காரணம் உண்டு, இதற்காகத் திட்ட முடியாது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டேப்பை அவரே வைத்துக்கொண்டார்.

கெடு முடிவதற்குள் லாரியில் சாமான் ஏற்றினோம். ஆயர் குரோ பக்கம் அக்காவின் தம்பி வீட்டில் ஒரு அறை. அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில், நாங்கள் பின்னால் மூட்டைகளின் மேல். எஸ்டேட் கேட்டைத் தாண்டி வெகு தூரம் வந்தபிறகு அண்ணன் அதைச் சொன்னார்.

"தம்பி, ஸ்மோக்ஹவுஸ் எரிஞ்ச அன்னிக்கி நான் ஒண்ணு பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல, சொன்னா குடிகாரன்னு முத்திரையே குத்திருவானுங்க. கூர பத்துனப்ப திடல்ல ரெண்டு பேரு பாய் போட்டு உக்காந்திருந்தாங்க. தரையில சின்னதா ஒரு வெளிச்சம். அப்பத்தான் பத்துது, மூணு பேரா தண்ணி ஊத்தினா அணைச்சிருக்கலாம். டார்ச்ச ஆட்டி ஆட்டித் தொண்ட கிழியக் கூப்பிட்டேன்."

அவர் என்னைப் பார்க்காமல், ஓடுகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஏன் எந்திரிக்கல?"

என்னை மட்டும் கேட்டாரா, தன்னையும் சேர்த்துக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் மாறவில்லை, பேய்க்கதை சொல்கிறவனுக்கு இன்றைக்கும் தேத்தண்ணி வாங்கித் தரமாட்டேன். ஆனால் தூரத்தில் யாராவது கையை ஆட்டினால், யாரைக் கூப்பிடுகிறான் என்று பார்ப்பதற்கு முன்பே எழுந்து நிற்கிறேன். பஸ் ஸ்டாப்பில், சாப்பாட்டுக் கடையில், வாயில் சோறு இருக்கும்போதே. பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவன் டாக்சியைத்தான் நிறுத்திக்கொண்டிருப்பான், நன்றாகத் தெரியும். இருந்தாலும் அது நிற்கும்வரை என்னால் உட்கார முடிவதில்லை.